வைகை ஆற்றின் நீர்வரத்து

வைகை ஆற்றின் நீர்வரத்து என்பது, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் உற்பத்தியாகும் வைகை ஆற்றுக்கு எந்தெந்த மலைகளிலிருந்து, எந்தப் பருவத்தில், எவ்வழியாக நீர் வந்து சேர்கிறது என்பதைக் குறிக்கும். இமயமலையில் தோன்றும் கங்கை போன்ற ஆறுகளுக்கு மழைநீருடன் பனி உருகும் நீரும் கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பனிப்பாறைகள் இல்லை. ஆகவே வைகையில் ஓடும் நீர் முழுவதும் மழையாகப் பெய்த நீரே ஆகும். ஆயினும் அந்த மழை முழுவதும் வைகையின் சொந்த வடிநிலத்தில் பெய்வதில்லை. மலையின் மேற்குப் புறத்தில் பெய்து அரபிக்கடலை நோக்கி ஓடவேண்டிய பெரியாற்று நீரின் ஒரு பகுதி, 1895 ஆம் ஆண்டு முதல் ஒரு சுரங்க வழியாக மலையைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் விளைச்சலும் மதுரை மாவட்டப் பாசனத்தின் பெரும்பகுதியும் இந்நீரையே சார்ந்துள்ளன.

ஆற்றின் போக்கு

வைகை ஆறு தேனி மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள வருசநாட்டு மலைகளில் தோன்றுகிறது. இதன் நீளம் 258 கி.மீ. ஆகும். சங்க இலக்கியத்தில் இது வையை என அழைக்கப்படுகிறது. பரிபாடலில் இவ்வாற்றைப் பற்றிய தனிப்பாடல்கள் உள்ளன.

மலையிலிருந்து இறங்கி வைகை அணையை அடையும் வரையுள்ள மேற்பகுதி மூல வைகை எனப்படுகிறது. இது வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் ஆகிய ஊர்களின் வழியாக வடக்கு நோக்கிப் பாய்கிறது. இதற்கு மேற்கே, மற்றொரு மலைத்தொடரால் பிரிக்கப்பட்டு, கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி ஆகியவை இப்பள்ளத்தாக்கின் முக்கிய ஊர்களாகும். இதன் வழியாக ஓடிவரும் முல்லைப் பெரியாறு, தேனியைக் கடந்து மூல வைகையுடன் கலக்கிறது. இரண்டும் சேர்ந்த ஆறு ஆண்டிப்பட்டிக்கு அருகிலுள்ள வைகை அணையில் தேக்கப்படுகிறது. அணைக்குப் பின் ஆறு கிழக்காகவும் தென்கிழக்காகவும் திரும்பி, மதுரை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து இராமநாதபுரம் மாவட்டத்தை அடைகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் இதன் நீர் கடலைச் சேர்வதில்லை. வழியிலுள்ள கண்மாய்களும் இறுதியாக இராமநாதபுரம் பெரிய கண்மாயும் நீரைப் பெற்றுக்கொள்கின்றன.

மலைகளும் பருவமழையும்

தேனி மாவட்டம் மூன்று புறம் மலைகளால் சூழப்பட்டது. மேற்கே ஏலமலை, தெற்கிலும் தென்கிழக்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகள், வடக்கே பழனி மலையின் சரிவுகள் ஆகியவை உள்ளன. இம்மலைகளே மாவட்டத்தின் மழையளவைத் தீர்மானிக்கின்றன.

சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இதனைத் தடுக்கும்போது காற்று மேலெழுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்வதால் அதிலுள்ள நீராவி மழையாகப் பெய்கிறது. இம்மழை பெரும்பாலும் மலையின் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று வெப்பமடைந்து ஈரப்பதம் குறைந்து காணப்படும். இவ்வாறு மலையின் மறுபுறம் மழை குறைந்து அமையும் நிலப்பகுதி மழை மறைவுப் பகுதி எனப்படும். கம்பம் பள்ளத்தாக்கும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கும் இத்தகையவை. சூலை மாதத்தில் குமுளியில் இடைவிடாது மழை பெய்துகொண்டிருக்கையில், சில கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரத்திலுள்ள கூடலூரில் சாரலும் காற்றும் மட்டுமே இருப்பது வழக்கம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை வங்காள விரிகுடாவிலிருந்து வருவதால், கிழக்கு நோக்கிய சரிவுகள் அப்பருவத்தில் மழை பெறுகின்றன. மூல வைகையில் பெருவெள்ளம் வருவது பெரும்பாலும் இப்பருவத்திலேயே ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையும் ஓரளவு கிடைக்கிறது.

மழை ஆறாகும் விதம்

பனிப்பாறைகள் இல்லாத மலையில் தோன்றும் ஆறு, மழை நின்ற பிறகும் சில வாரங்களோ மாதங்களோ ஓடுவதற்கு நிலத்துக்குள் தங்கும் நீரே காரணம். மலையில் பெய்யும் மழை நான்கு வழிகளில் பிரிகிறது.

* ஒரு பகுதி இலைகளிலும் மண்ணிலும் தங்கி, ஆவியாகவும் தாவரங்களின் நீராவிப்போக்காகவும் வளிமண்டலத்துக்குத் திரும்புகிறது.
* ஒரு பகுதி நிலத்தின் மேற்பரப்பில் வழிந்து உடனடியாக ஓடைகளை அடைகிறது. மழைக்குப் பின் சில மணி நேரத்தில் ஆற்றில் வரும் செந்நீர் வெள்ளம் இதுவே.
* ஒரு பகுதி மேல்மண்ணுக்குள் இறங்கி, சரிவு வழியே மெதுவாகக் கசிந்து, சில நாட்களில் ஓடையைச் சேர்கிறது.
* எஞ்சிய பகுதி ஆழமாக இறங்கி, பாறைகளின் வெடிப்புகளிலும் சிதைந்த பாறை அடுக்கிலும் தங்கி, ஊற்றுகளாக நீண்ட காலம் வெளிப்படுகிறது. கோடையில் ஓடைகளில் காணப்படும் தெளிந்த நீர் இதுவாகும்.

இம்மலைகள் சார்னோகைட்டு, நைசு போன்ற கடினப் பாறைகளால் ஆனவை. முழுமையான கடினப் பாறை நீரைத் தேக்குவதில்லை. அதன்மீது படிந்துள்ள மண்ணும் சிதைந்த பாறையும் வெடிப்புகளுமே நீரைப் பிடித்து வைக்கின்றன. எனவே அம்மண்ணைக் காக்கும் தாவரப் போர்வைக்கு ஆற்றின் நீரோட்டத்தில் பெரும் பங்குண்டு. உயரமான பகுதிகளிலுள்ள சோலைக்காடுகளிலும் புல்வெளிகளிலும் இலைச் சருகும் மக்கிய மண்ணும் மழைத்துளியின் வேகத்தைக் குறைத்து நீரை நிலத்துக்குள் அனுப்புகின்றன. காடு அழிந்த சரிவில் நீரின் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே வழிந்தோடும். இதனால் மழைக்காலத்தில் வெள்ளம் மிகுவதுடன் கோடையில் ஓடை விரைவில் வறண்டுவிடும். காடு மழையின் மொத்த அளவைப் பெருக்குவதைவிட, பெய்த மழை ஆற்றை அடையும் காலத்தை நீட்டிப்பதே இங்கு முதன்மையான பயனாகும்.

இயற்கையான நீர்மூலங்கள்

வைகையின் சொந்த வடிநிலத்திலிருந்து நீர் கொண்டுவரும் முக்கிய ஆறுகள் வருமாறு:

* மூல வைகை: வருசநாட்டு, மேகமலைப் பகுதிகளின் ஓடைகள் சேர்ந்து உருவாவது. கோம்பைத்தொழுவுக்கு அருகிலுள்ள சின்னச் சுருளி அருவியின் நீரும் இதனையே சேர்கிறது. ஆண்டின் பல மாதங்களில் இதன் மணற்படுகை வறண்டு கிடக்கும்.
* சுருளியாறு: மேகமலையிலிருந்து இறங்கிக் கம்பத்துக்கு அருகே சுருளி அருவியாக விழுகிறது. ஆடி, தை அமாவாசை நாட்களில் இங்கு முன்னோர் வழிபாட்டுக்காக மக்கள் பெருமளவில் கூடுகின்றனர். மேகமலையிலுள்ள மணலாறு, இரவங்கலாறு முதலிய அணைகளின் நீரைக் கொண்டு சுருளியாறு மின்நிலையம் இயங்குகிறது. இதன் திறன் 35 மெகாவாட் ஆகும்.
* கொட்டக்குடி ஆறு: குரங்கணிக்கு மேலுள்ள மலைகளில் தோன்றிப் போடிநாயக்கனூர் வழியாகத் தேனியை நோக்கி வருகிறது.
* வராக நதி: கொடைக்கானல் மலையின் தென்சரிவில் தோன்றிப் பெரியகுளம் வழியாகப் பாய்கிறது. இதன் குறுக்கே சோத்துப்பாறை அணை கட்டப்பட்டுள்ளது.
* மஞ்சளாறு: பழனி மலையிலிருந்து தேவதானப்பட்டிக்கு அருகே சமவெளியில் இறங்குகிறது. இதன் குறுக்கே மஞ்சளாறு அணை உள்ளது.

இவற்றுள் எதுவும் ஆண்டு முழுவதும் பெருமளவு நீர் கொண்டு ஓடுவதன்று. இவற்றின் வடிநிலங்களில் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதியில் அமைந்திருப்பதே இதற்குக் காரணமாகும்.

மலையைக் கடந்து வரும் நீர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில் ஒரு நீர்ப்பிரிமேடு உள்ளது. அதற்குக் கிழக்கே விழும் துளி வைகைக்கும், மேற்கே விழும் துளி பெரியாற்றுக்கும் உரியவை. பெரியாறு சிவகிரி மலைப்பகுதியில் தோன்றி வடக்காக ஓடி, முல்லையாற்றுடன் கலந்து, பின் மேற்கே திரும்பி அரபிக்கடலை அடைகிறது. 244 கி.மீ. நீளமுள்ள இது கேரளத்தின் நீளமான ஆறாகும். மழை மிகுந்த இவ்வாற்றின் மேற்பகுதி, மழை குறைந்த கம்பம் பள்ளத்தாக்குக்கு மிக அருகில், அதைவிடப் பல நூறு மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இரண்டையும் பிரிப்பது ஒரு மலைமுகடு மட்டுமே.

இந்நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழமையானது. இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்காக மலைப்பகுதியை ஆராய்ந்தார். பெரும் செலவு பிடிக்கும் என்பதால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1808 இல் ஆய்வு செய்த ஆங்கிலேயப் பொறியாளர் ஜேம்சு கால்டுவெல், திட்டம் நிறைவேறக்கூடியதன்று எனக் கருதினார். 1876-78 காலத்தின் பெரும் பஞ்சத்துக்குப் பின் இத்திட்டம் மீண்டும் வலுப்பெற்றது. ஜான் பென்னிகுவிக் வகுத்த திட்டத்தின்படி, திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887 இல் தொடங்கிய அணைப்பணி வெள்ளத்தாலும் காய்ச்சலாலும் பலமுறை தடைப்பட்டு, 1895 இல் நிறைவடைந்தது. கருங்கல்லுடன் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையால் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டது.

அணைக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பளவு 624 சதுர கி.மீ. ஆகும். இதன் பெரும்பகுதி 1978 இல் அறிவிக்கப்பட்ட பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் அடங்குகிறது. இப்பகுதி முழுவதும் 1 செ.மீ. மழை சீராகப் பெய்தால், விழும் நீரின் அளவு ஏறத்தாழ 22 கோடி கன அடி ஆகும். அதில் மண்ணும் மரங்களும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதே நீர்த்தேக்கத்தை அடைகிறது.

தேக்கடியிலிருந்து வைகை அணை வரை

முல்லைப் பெரியாறு அணையில் சுரங்கம் இல்லை. அணை ஆற்றைத் தடுப்பதால் நீர் பின்னோக்கிப் பரவித் தேக்கடி ஏரி உருவாகிறது. ஏரியின் வடகிழக்கு விளிம்பில், மலைமுகட்டுக்கு மிக அருகில் மதகு அமைந்துள்ளது. அங்கிருந்து ஒரு திறந்த கால்வாய் வழியாகவும், பின்னர் மலையைக் குடைந்த ஏறத்தாழ 1.7 கி.மீ. நீளச் சுரங்கம் வழியாகவும் நீர் தமிழ்நாட்டுப் பக்கத்தை அடைகிறது. நீரை மேலேற்ற எந்த இயந்திரமும் இதில் இல்லை. சுரங்கத்தின் வாய் ஏரியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் புவியீர்ப்பு மட்டுமே நீரை நகர்த்துகிறது. ஏரியின் மட்டம் 104 அடிக்குக் கீழே சென்றால் சுரங்கத்துக்கு நீர் ஏறாது. எனவே அணையில் நீர் இருந்தாலும் அந்த அளவுக்குக் கீழுள்ளது பாசனத்துக்குப் பயன்படுவதில்லை.

சுரங்கத்திலிருந்து வெளிவரும் நீர் ஒரு சிறிய தேக்கத்தில் சேர்ந்து, மலைச்சரிவில் பதிக்கப்பட்ட நான்கு பெருங்குழாய்கள் வழியாக லோயர் கேம்பிலுள்ள பெரியாறு மின்நிலையத்தின் சுழலிகளை இயக்குகிறது. மின்நிலையத்துக்குச் செல்லாத நீர் இரைச்சல்பாலம் வழியாக இறங்குகிறது. இரண்டும் பள்ளத்தாக்கின் இயற்கையான ஓடையான வைரவனாற்றில் கலந்து, பின்னர் சுருளியாற்றுடன் இணைகின்றன. அதுமுதல் இவ்வாறு முல்லைப் பெரியாறு என்றும், பேச்சுவழக்கில் முல்லையாறு என்றும் அழைக்கப்படுகிறது. மலையின் மேற்கே ஓடும் ஆற்றின் பெயரே கிழக்கே ஓடும் ஆற்றுக்கும் வழங்குவதால், ஒன்றை மற்றொன்றாகக் கருதும் குழப்பம் ஏற்படுவதுண்டு.

வைகை அணை 1959 இல் திறக்கப்பட்டது. இதன் உயரம் 111 அடி. நீரைத் தேக்கும் அளவு 71 அடி. கொள்ளளவு 6,091 மில்லியன் கன அடி. அணை கட்டப்படும் முன் பெரியாற்று நீர் வரும்போதே பயன்படுத்தப்பட வேண்டியிருந்தது. அணை வந்தபின், தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அப்பாலிருந்து வரும் நீரையும் வடகிழக்குப் பருவத்தில் மூல வைகையில் வரும் வெள்ளத்தையும் ஒரே இடத்தில் சேமிக்க இயன்றது.

நீரை அளவிடும் முறை

நாளிதழ்களில் வெளியாகும் அணை நிலவரத்தில் நீர்மட்டம் அடியிலும், நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்குக் கன அடியிலும், இருப்பு மில்லியன் கன அடியிலும் குறிக்கப்படுகின்றன. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர் ஆகும். வினாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் நீர் வந்தால், சேரும் அளவு 86.4 மில்லியன் கன அடி. இவ்வீதத்தில், வெளியேற்றம் ஏதுமின்றி, வெறுமையான வைகை அணை நிரம்புவதற்கு ஏறத்தாழ 70 நாட்கள் ஆகும். ஆயிரம் மில்லியன் கன அடி ஒரு டி.எம்.சி. எனப்படும்.

பயன்பாடு

லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையுள்ள 14,707 ஏக்கர் நிலம் முல்லைப் பெரியாற்றால் இருபோக நெல் சாகுபடி பெறுகிறது. அணையில் போதிய நீர் உள்ள ஆண்டுகளில் சூன் முதல் நாளில் முதல் போகத்துக்கு நீர் திறப்பது வழக்கம். தேனியில் பருவமழை தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே இங்கு நாற்று நடப்படுவது, நீர் மறுபுற மழையிலிருந்து வருவதாலேயே இயலுகிறது. பதினெட்டாம் கால்வாய் மூலம் தேவாரம், போடிநாயக்கனூர் பகுதிகளின் கண்மாய்கள் நீர் பெறுகின்றன. ஆற்றின் கசிவு நீர் கிணறுகளின் மட்டத்தை உயர்த்துவதால் வாழை, தென்னை, திராட்சைத் தோட்டங்களும் மறைமுகமாகப் பயனடைகின்றன. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

வைகை அணைக்குக் கீழே, பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் மதுரை மாவட்டத்தின் வடக்கு, கிழக்குப் பகுதிகளை வளப்படுத்துகிறது. மதுரை மாநகரின் குடிநீரும் பெருமளவில் வைகை அணையிலிருந்தே பெறப்படுகிறது.

பென்னிகுவிக்கின் நினைவைப் போற்றும் வகையில் லோயர் கேம்பில் அமைக்கப்பட்ட மணிமண்டபம் 2013 இல் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் ஊர்களில் பொங்கல் நாளை ஒட்டி அவரது பிறந்தநாள் கொண்டாடப்படுகிறது.

இரு மாநிலச் சிக்கல்

அணை கேரள மாநில நிலத்தில் உள்ளது. அதனை இயக்குவதும் நீரைப் பெறுவதும் தமிழ்நாடு ஆகும். 1886 ஒப்பந்தம் 1970 இல் புதுப்பிக்கப்பட்டு, குத்தகைத் தொகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அணையின் பாதுகாப்புக் குறித்து எழுந்த ஐயத்தால் 1979 இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன் பின்னர் அணையை வலுப்படுத்தும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. 2006 இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. அதனைத் தடுக்கும் வகையில் கேரளம் சட்டம் இயற்றியது. அச்சட்டம் செல்லாது எனவும், 142 அடி வரை தேக்கலாம் எனவும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியை எட்டியது.

அணைக்குக் கீழே பெரியாற்றின் கரையில் வாழும் மக்களின் பாதுகாப்பைக் கேரளம் முன்வைத்துப் புதிய அணை கோருகிறது. அணை உறுதியாக உள்ளது எனவும், நீர்மட்டம் குறைந்தால் சாகுபடிப் பரப்பும் குறையும் எனவும் தமிழ்நாடு கூறுகிறது. சுரங்கத்துக்கு நீர் ஏறும் 104 அடிக்கு மேலுள்ள நீரே பயன்படத்தக்கது என்பதால், மேல்மட்டத்தின் ஒவ்வோர் அடியும் பாசனத்துக்கு முக்கியமானதாகிறது. அகன்ற மேற்பகுதியில் ஓரடி உயரத்தில் அடங்கும் நீர், குறுகிய அடிப்பகுதியில் ஓரடியில் அடங்கும் நீரைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதும் இதற்குக் காரணமாகும்.

நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் நிலை

வைகையின் இரு நீர்மூலங்களும் வெவ்வேறு நிலையில் உள்ளன. பெரியாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட காடாக நீடிக்கிறது. மூல வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியான வருசநாட்டு, மேகமலைப் பகுதிகளில் காடுகளின் ஒரு பகுதி தோட்டங்களாகவும் விளைநிலங்களாகவும் மாறியது. சரிவுகளில் அரிக்கப்படும் மண் வைகை அணையில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைக்கிறது. ஆற்றுப்படுகையில் மணல் குறையும்போது, வெள்ளநீர் நிலத்துக்குள் இறங்குவதும் குறைந்து கரையோரக் கிணறுகள் பாதிக்கப்படுகின்றன.

2021 இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகும். இதனுள் மூல வைகை தோன்றும் மலைக்காடுகளும் அடங்குவதால், வைகையின் சொந்த நீர்மூலத்தைக் காக்கும் முயற்சியாகவும் இது கருதப்படுகிறது. மலைக்கு அப்பாலிருந்து வரும் நீரின் அளவு அணையின் மட்டத்தையும் இரு மாநிலங்களின் உடன்பாட்டையும் பொறுத்தது. மூல வைகையின் நீரளவோ மழையையும், அம்மழையைப் பிடித்து வைக்கும் காட்டையும் பொறுத்தது.